ஒற்றை நடுவர்

ஆட்டங்களின் வரலாற்றை நாம் ஆட்டக்காரர்களின் வரலாறாகவே வாசித்துப் பழகிவிட்டோம். நடுவரின் பக்கமிருந்து வாசித்தால் வேறொரு கதை கிடைக்கிறது. ஒரு மனிதன் ஒரு நேரத்தில் ஓரிடத்தைத்தான் பார்க்க முடியும் என்ற எளிய உண்மையோடு ஆட்டங்கள் எப்படிச் சமாதானம் செய்துகொண்டன என்பதே அக்கதை.

கிரிக்கெட் இதை முன்பே உணர்ந்திருந்தது. 1744ஆம் ஆண்டின் விதித்தொகுப்பிலேயே இரு நடுவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவின் பேஸ்பாலோ நெடுங்காலம் ஒருவரை நம்பியே நடந்தது. 1876இல் தேசிய லீக் தொடங்கியபோதும் ஓர் ஆட்டத்துக்கு ஒரு நடுவர்தான். மட்டையாளருக்குப் பின்னால் நின்றால் எறியப்படும் பந்து நன்றாகத் தெரியும். ஆனால் இரண்டாம் தளம் அங்கிருந்து ஏறத்தாழ 127 அடி தொலைவு. அங்கே முந்தியது காலா, பந்தா என்பதை ஊகிக்கத்தான் வேண்டும்.

1890களின் பால்டிமோர் ஓரியோல்ஸ் அணி இந்தக் குறையையே ஆயுதமாக்கிக்கொண்டது. மூன்றாம் தளத்தில் நின்ற ஜான் மெக்ரா, நடுவர் வேறுபக்கம் திரும்பிய கணத்தில் எதிரணிக்காரரின் இடைவாரைப் பிடித்து நிறுத்துவார் என்பது அக்காலத்துப் புகழ்பெற்ற கதை. நடுவர் பந்தின் பின்னே பார்வையைச் செலுத்தினால், ஓடுபவர் இரண்டாம் தளத்தை மிதிக்காமலே குறுக்கே பாய்ந்துவிடுவதும் உண்டு. நடுவர் நேர்மையானவராகவே இருக்கலாம். முதுகில் அவருக்குக் கண் இல்லை. 1910களின் தொடக்கத்தில்தான் பெரிய லீக்குகளில் இரு நடுவர் முறை நிலைபெற்றது. 1952இல் அது நால்வராயிற்று. பணம் பெருகப் பெருகக் கண்களும் பெருகின.

பணமில்லாத மைதானங்கள் என்ன செய்தன என்பதை அறிய நாம் அமெரிக்காவுக்குப் போகவேண்டியதில்லை. நாமக்கல், சேலம் சமவெளியின் டென்னிஸ் பந்துக் கிரிக்கெட் போதும். சின்னப்பம்பட்டியில் இந்தப் பந்தில் ஆடத் தொடங்கிய நடராஜன் 2020இல் இந்திய அணிக்கு ஆடினார். இவ்வட்டார ஊர் ஆட்டங்களில் பந்துவீசும் முனையில் அம்பயராக நிற்பவர் பலநேரம் மட்டை பிடிக்கும் அணியின் பையன்தான். தன் முறைக்குக் காத்திருப்பவன் அல்லது ஆட்டமிழந்து வந்தவன். வீசுபவரின் காலையும் பார்த்து, 66 அடிக்கு அப்பால் ரன் அவுட்டையும் அவனே சொல்லவேண்டும். ஆகவே கண்ணுக்கு எட்டாததை விதியிலிருந்தே எடுத்துவிட்டார்கள். எல்பிடபிள்யூ கிடையாது என்பது பல இடங்களில் ஆட்டத்துக்கு முன்பே செய்துகொள்ளும் ஒப்பந்தம். பெரிய ஆட்டம் கண்களைக் கூட்டியது. சிறிய ஆட்டம் விதிகளைக் குறைத்தது.

இதில் நம்மை வியக்கவைப்பது இன்னொன்று. டெஸ்ட் ஆட்டங்களில் சொந்த நாட்டு நடுவரை நம்பலாமா என்ற ஐயம் உலகக் கிரிக்கெட்டை நெடுநாள் அலைக்கழித்தது. 1994இல் நடுவருள் ஒருவர் பொது நாட்டவர் என்றானது; 2002இல் இருவருமே அவ்வாறாயினர். நம் சென்னையின் வெங்கடராகவன் 73 டெஸ்டுகளில் நடுவராக நின்றது அந்த மாறுதலின் காலத்தில்தான். ஊர் மைதானமோ எதிரணிப் பையனிடமே தீர்ப்பை ஒப்படைக்கிறது. அவன் விரலை உயர்த்தினால் வெளியேறுவது அவனுடைய தோழன்; உயர்த்தாவிட்டால் கள்ளன் என்ற பெயர் அவனுக்கு. ஆட்டம் முடிந்த பின்னும் இருதரப்போடும் அதே தெருவில்தான் அவன் வாழவேண்டும். தகராறு முற்றினால் அந்தப் பந்தைக் கணக்கில் சேர்க்காமல் மறுபடி வீசச் சொல்வதும் உண்டு. மேல்முறையீடும் மறுவிசாரணையும் அவ்வளவே. அதைக் கொண்டுதான் ஊர்கள் இத்தனை ஆண்டுகளாக ஆடிவருகின்றன.