துரைசாமி: 1818 கிளர்ச்சியின் பெயரளவு அரசர்

1815 மார்ச் 2ஆம் திகதி கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தானது. கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வேலூருக்கு நாடு கடத்தப்பட்டார். இரண்டு ஆண்டுகளில், ஊவா, வெல்லஸ்ஸ பகுதிகளில் ஆங்கிலேயருக்கு எதிரான கிளர்ச்சி வெடித்தது.

அரியணைக்கு உரிமை கோரியவர் வில்பாவே. முன்னாள் பிக்குவான இந்தச் சிங்களவர், தாம் நாயக்க அரச குலத்துத் துரைசாமி என்றும் கதிர்காமக் கடவுள் தம்மைத் தெரிவுசெய்தார் என்றும் கூறினார். 1739 முதல் கண்டியை ஆண்ட நால்வரும் தென்னிந்திய வழிவந்த நாயக்கர்கள். ஆகவே, முடிசூட அந்தப் பெயர் தேவைப்பட்டது.

கிளர்ச்சியை அடக்க அனுப்பப்பட்ட கெப்பிட்டிபொல திசாவை, கிளர்ச்சியாளருடன் சேர்ந்து தலைமையேற்றார். கண்டியிலிருந்து இரகசியமாகக் கொண்டுசெல்லப்பட்ட புனித தந்தம் மக்களின் நம்பிக்கையை வளர்த்தது. 1818இல் வில்பாவேக்கு முடிசூட்டப்பட்டது. ஆனால், படையும் முடிவுகளும் பிரதானிகளின் கையிலேயே இருந்தன.

அந்த ஆண்டே மடுகல்லே என்ற பிரதானி வில்பாவேயைப் பிடித்து, அவர் போலி என்பதை அம்பலப்படுத்தினார். கிளர்ச்சி பிளவுபட்டது, புனித தந்தம் ஆங்கிலேயர் வசமானது. நவம்பர் 26ஆம் திகதி கெப்பிட்டிபொலவும் மடுகல்லேயும் சிரச்சேதம் செய்யப்பட்டனர். வில்பாவே பல ஆண்டுகள் தலைமறைவாக வாழ்ந்தார்.

பின்னர் இந்த மலைகளில் கோப்பியும் தேயிலையும் வந்தன; தமிழ்த் தொழிலாளர்களும் வந்தனர். அவர்களின் சந்ததியினரை இன்றும் அந்நியர் என்போர் உண்டு. அதே மலைநாட்டில், அந்நியரை விரட்ட எழுந்தவர்கள் தங்கள் அரசரை அழைத்த பெயர் துரைசாமி.