பாஸ்டர் கிடையாது, சம்பளம் கிடையாது... 'பிரதரன்' சபைகள் எதை நம்புகின்றன?

கோவை சத்தி ரோட்டில் கணபதி வழியாகப் போனால் ஒர்க்‌ஷாப், மோட்டார் கடை, பேக்கரி போர்டுகளுக்கு நடுவே சபைகளின் போர்டுகளும் கண்ணில் படும். சில சபைகள் சொந்தக் கட்டடத்தில், சில வாடகை மாடி ஹாலில். வெளியில் இருந்து பார்ப்பவர்களுக்கு எல்லாம் ஒன்றுதான். 'அல்லேலூயா சபை' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள்.

உள்ளே போனால் கதையே வேறு. உதாரணத்துக்கு, ஒரு சிஎஸ்ஐ குடும்பத்துப் பெண்ணுக்கு 'பிரதரன்' சபையில் இருந்து வரன் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு வீட்டிலும் அதே பைபிள்தான். ஆனாலும் பேச்சு தொடங்கியதுமே கேள்வி வரும். "பொண்ணு இரட்சிக்கப்பட்டாச்சா? ஞானஸ்நானம் எடுத்தாச்சா?" குழந்தையிலேயே கொடுத்தாச்சே என்று பெண்ணின் அம்மா சொன்னால், அது கணக்கில் வராது என்பதுதான் பதிலாக இருக்கும்.

ஏன் வராது? இந்தச் சபைகள் அப்படி எதைத்தான் நம்புகின்றன?

பல் டாக்டரும் அருளப்பனும்

1820களின் கடைசியில் அயர்லாந்தின் டப்ளின் நகரில், பிஷப், குருமார் என்ற அமைப்போடு ஒத்துப்போகாத சிலர் தனியாகக் கூடி அப்பம் பிட்க ஆரம்பித்தார்கள். 1830களில் இங்கிலாந்தின் பிளிமத் நகரில் இந்தக் கூட்டம் பெரிதானது. 'பிளிமத் பிரதரன்' என்ற பெயர் அப்படி ஒட்டிக்கொண்டதுதான், அவர்களாக வைத்துக்கொண்ட பெயர் இல்லை. ஒருவரை ஒருவர் 'சகோதரர்' என்று அழைப்பதால் வந்த பெயர். தமிழில் சகோதரர் சபை என்றும் சொல்வார்கள்.

இந்த வட்டத்தில் ஒருவர் அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ். எக்ஸிடர் நகரில் நன்றாகச் சம்பாதித்துக்கொண்டிருந்த பல் டாக்டர். எல்லாவற்றையும் விட்டுவிட்டு 1829ல் பாக்தாத் போனார். அங்கே பிளேக் நோயில் மனைவியை இழந்து, 1833ல் இந்தியா வந்து சேர்ந்தார்.

இங்கே அவரோடு இணைந்தவர் திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த ஜான் கிறிஸ்தியான் அருளப்பன். பாளையங்கோட்டையில் ரேனியஸ் ஐயரிடம் பயிற்சி பெற்றவர். மிஷன் சம்பளம் இல்லாமல், குருப்பட்டமும் இல்லாமல் ஊர் ஊராகப் போய்ச் சபைகளை உருவாக்கினார். 'வெள்ளைக்காரன் கொண்டு வந்தது' என்று ஒரே வரியில் சொல்லிவிட முடியாத வரலாறு இது. இந்தியாவில் இந்தச் சபைகள் வேரூன்றிய கதையில் பாதி இந்தத் தமிழருடையது.

கொங்கு மண்டலத்தின் பழைய புராட்டஸ்டன்ட் சபைகள் வேறு வழியில் வந்தவை. கோவைக்கு 1830லேயே லண்டன் மிஷன் வந்துவிட்டது. அந்த வழியில் வளர்ந்த சபைகள்தான் 1947ல் சிஎஸ்ஐயில் சேர்ந்தன.

பாஸ்டர் ஏன் இல்லை?

பிரதரன் சபைகளைப் புரிந்துகொள்ள இந்த ஒரு கேள்வி போதும்.

விசுவாசிகள் எல்லோருமே ஆசாரியர்கள் என்று 1 பேதுரு 2ம் அதிகாரம் சொல்வதை இவர்கள் அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள். கடவுளுக்கும் மனிதனுக்கும் நடுவே தனியாக ஒரு குருவோ, பட்டம் பெற்ற ஐயரோ தேவையில்லை என்பது நம்பிக்கை. அதனால் 'ரெவரெண்ட்' கிடையாது, அங்கி கிடையாது, பலிபீடமும் கிடையாது. சபையை நடத்துவது மூப்பர்கள். பகலில் மில் வேலை, பேங்க் வேலை, கடை வியாபாரம் என்று இருப்பவர்களே மூப்பர்களாகவும் இருப்பார்கள்.

ஞாயிறு காலை ஆராதனையைப் பார்த்தால் இது தெளிவாகப் புரியும். நடுவில் ஒரு மேஜை, அதன் மேல் ஒரு அப்பம், ஒரு பாத்திரத்தில் திராட்சரசம். நிகழ்ச்சி நிரல் கிடையாது. யாராவது ஒரு சகோதரர் எழுந்து ஜெபிப்பார். இன்னொருவர் ஒரு பாட்டைச் சொல்வார், எல்லோரும் பாடுவார்கள். மற்றொருவர் ஒரு வசனத்தை வாசிப்பார். நடுநடுவே சில நிமிடம் யாருமே பேசாமல் இருப்பதும் உண்டு. டிரம்ஸ், கீபோர்டு சத்தத்தோடு நடக்கும் சபைகளுக்குப் பழகியவர்களுக்கு இந்த அமைதி விநோதமாக இருக்கும்.

தமிழ் படித்தவர்களுக்கு இங்கே ஒரு சின்ன சந்தேகம் வரலாம். நமக்கு அப்பம் என்றால் வெல்லம் போட்ட பலகாரமோ, தேங்காய்ப்பால் ஊற்றிச் சாப்பிடுவதோதான். தமிழ் பைபிளில் அது ரொட்டி. 'அப்பம் பிட்குதல்' என்றால் இயேசுவின் கடைசி இராவுணவை நினைவுகூர்ந்து ரொட்டியைப் பிட்டுப் பகிர்வது. வருஷத்துக்குச் சில தடவையோ மாசத்துக்கு ஒரு தடவையோ இல்லை, ஒவ்வொரு ஞாயிறும். அப்போஸ்தலர் 20:7ல் வாரத்தின் முதல் நாளில் சீஷர்கள் அதற்காகத்தான் கூடினார்கள் என்பது ஆதாரம்.

ஒரே அப்பம், ஒரே பாத்திரம் என்பதற்குத் தமிழ்நாட்டில் தனி அர்த்தமும் உண்டு. 19ம் நூற்றாண்டில் தஞ்சாவூர் சபைகளில், எல்லாச் சாதியாரும் ஒரே பாத்திரத்தில் குடிப்பதா என்பதே பெரிய சண்டையாக இருந்தது. 1833ல் ஆங்கிலிகன் பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி கூடாது என்று உத்தரவு போட்ட பிறகு பலர் சபையை விட்டே விலகினார்கள். பந்தியில் ஒன்றாக உட்காருவதை இன்று பொதுவாகச் சபைகள் எதிர்ப்பதில்லை. வரன் பார்க்கும்போது என்ன நடக்கிறது என்பது வேறு கதை.

காசு விஷயத்திலும் கொள்கை உண்டு. முழுநேர ஊழியர்களுக்கு நிர்ணயித்த சம்பளம் கிடையாது. விசுவாசிகள் தாங்களாக விரும்பிக் கொடுப்பதில்தான் வாழ வேண்டும். வெளியாட்களிடம் காணிக்கை கேட்பதும் வழக்கமில்லை. தசமபாகம் கட்டாயம் என்று மேடையில் அதட்டும் பிரசங்கங்களைக் கேட்டுச் சலித்தவர்களுக்கு இது ஒரு ஆறுதல்தான்.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. ஒவ்வொரு சபையும் தனித்தனி. மேலே பிஷப் இல்லை, சினாட் இல்லை. மூப்பர்கள் ஒருவரை 'பந்தியில் இருந்து நீக்கிவிட்டோம்' என்றால், அப்பீல் செய்ய இடமே கிடையாது. சபைக்குள் இரண்டு குடும்பம் மோதிக்கொண்டால் சபையே இரண்டாவதும் நடக்கிறது. இந்த இயக்கமே 1848ல், யாரைப் பந்தியில் சேர்க்கலாம் என்ற சண்டையில், ஜான் நெல்சன் டார்பி தரப்பு, பிரிஸ்டல் நகரின் ஜார்ஜ் முல்லர் தரப்பு என்று இரண்டாகப் பிரிந்தது. 'எக்ஸ்க்ளூசிவ்', 'ஓபன்' என்ற அந்தப் பிரிவு இன்னும் ஒட்டவில்லை.

ஞானஸ்நானம் ஏன் கணக்கில் வராது?

முதலில் மறுபிறப்பு. அதாவது ஒருவர் தன் பாவத்தை உணர்ந்து, இயேசு தனக்குப் பதிலாக மரித்தார் என்று சொந்தமாக நம்புவது. அதற்குப் பிறகு தண்ணீரில் முழுவதும் மூழ்கி எடுக்கும் ஞானஸ்நானம். அதற்குப் பிறகுதான் அப்பம் பிட்கும் பந்தியில் இடம். இந்த வரிசை மாறக் கூடாது.

குழந்தையால் நம்ப முடியாது, எனவே குழந்தைக்குத் தண்ணீர் தெளிப்பது ஞானஸ்நானமே இல்லை என்பது இவர்கள் வாதம். சிஎஸ்ஐ, லுத்தரன், கத்தோலிக்க சபையில் இருந்து வருபவர் மூழ்கி எடுக்கும்போது, மற்றவர்கள் அதை 'ரெண்டாவது ஞானஸ்நானம்' என்பார்கள். பிரதரன் பார்வையில் அதுதான் முதலாவது. கிறிஸ்தவக் குடும்பங்களுக்குள் மனஸ்தாபம் வருவது பெரும்பாலும் இங்கேதான். தன் பிள்ளையைக் கையில் ஏந்திக்கொண்டு போய் ஐயரிடம் கொடுத்த தாய்க்கு, அது செல்லாது என்று கேட்பது லேசான விஷயம் இல்லை.

மூழ்கி எடுத்தவர்களுக்கும் ஒரு நடைமுறை உண்டு. வேலைக்காகத் திருநெல்வேலியில் இருந்து கோவைக்கு வருபவர் தன் சபை மூப்பர்களிடம் அறிமுகக் கடிதம் வாங்கி வர வேண்டும். அது இருந்தால்தான் புதுச் சபையில் பந்தியில் சேர்ப்பார்கள்.

இன்னொன்று, ஒருமுறை உண்மையாக இரட்சிக்கப்பட்டவர் அதை இழக்க மாட்டார் என்பது இவர்கள் உறுதி. இழக்கலாம் என்று போதிக்கும் பெந்தெகொஸ்தே சபைகளோடு முட்டிக்கொள்ளும் இடம் இது.

அப்போ பெந்தெகொஸ்தே இல்லையா?

இல்லை. அந்நிய பாஷை பேசுவது, மேடையில் கைவைத்துச் சுகமாக்குவது எல்லாம் அப்போஸ்தலர் காலத்தோடு முடிந்துவிட்டது என்பது பெரும்பாலான பிரதரன் சபைகளின் போதனை. பைபிள் எழுதி முடிந்த பிறகு புதிதாகத் தீர்க்கதரிசனம் எதுவும் தேவையில்லை என்பார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், 1860ல் அருளப்பனின் சபைகளில் தொடங்கிய எழுப்புதலில் அந்நிய பாஷையும் தீர்க்கதரிசனமும் நடந்ததாக அவரே எழுதியிருக்கிறார். பெந்தெகொஸ்தே இயக்கம் உலகளவில் பிரபலமாகக் காரணமான 1906ம் ஆண்டு லாஸ் ஏஞ்சலஸ் கூட்டங்களுக்கு 46 வருஷம் முந்தைய சம்பவம் இது. தங்கள் முன்னோடியின் வாழ்க்கையில் நடந்ததையே இன்றைய சபைகள் ஏற்பதில்லை.

இயேசு இரகசியமாக வந்து தன் விசுவாசிகளை எடுத்துக்கொண்டு போவார், பிறகு 7 வருஷ உபத்திரவ காலம், அதன் பிறகு 1000 வருஷ ஆட்சி என்ற 'இரகசிய வருகை' போதனை இன்று பல சபைகளில் சகஜம். அதை உலகம் முழுக்கப் பரப்பியதில் பெரிய பங்கு டார்பிக்கு உண்டு.

பெண்கள் பேசலாமா?

ஆராதனையில் கூடாது. 1 கொரிந்தியர் 14ஐக் காட்டி, ஆண்கள் மட்டுமே ஜெபிப்பதும் பிரசங்கிப்பதும் வழக்கம். 11ம் அதிகாரப்படி பெண்கள் முந்தானையாலோ துப்பட்டாவாலோ தலையை மூடுவார்கள். பல சபைகளில் நகை அணிவதில்லை. சில இடங்களில் தாலிகூட இல்லாமல் திருமணம் நடக்கும். பவுன் கணக்கில்லாமல் கல்யாணப் பேச்சே தொடங்காத ஊர்ப்பக்கம் இது கொஞ்சநஞ்ச மாற்றம் இல்லை. ஆனால் 'எல்லோரும் ஆசாரியர்' என்று சொல்லும் சபையில் பாதிப் பேர் வாய் திறக்க முடியாது என்ற முரண்பாட்டை வெளியில் இருப்பவர்கள் மட்டுமல்ல, சபைக்குள் வளர்ந்த இளம்பெண்களும் கேட்க ஆரம்பித்திருக்கிறார்கள்.

கல்யாணம் சட்டப்படி செல்லுமா?

விசுவாசி அவிசுவாசியோடு ஒரே நுகத்தில் பிணைக்கப்படக் கூடாது என்பது 2 கொரிந்தியர் 6:14ன் போதனை. இரண்டு மாட்டை ஏரில் பூட்டும் அதே நுகத்தடிதான். 'அவிசுவாசி' என்பதில் வேற்று மதத்தவர் மட்டும் அடக்கமில்லை. மறுபிறப்பு அடையாத கிறிஸ்தவரும் சேர்த்திதான். மீறித் திருமணம் செய்தால் பந்தியில் இருந்து நிறுத்தும் சபைகள் உண்டு.

சரி, குருப்பட்டமே இல்லாத சபையில் கல்யாணத்தை நடத்துவது யார்? 1872ம் ஆண்டு இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தின் 5வது பிரிவு, யார் யார் நடத்தலாம் என்று சொல்கிறது. பிஷப்பிடம் பட்டம் பெற்ற குருமார் தங்கள் சபை விதிப்படி நடத்தலாம். அப்படிப் பட்டம் இல்லாத சபைகளில், அரசு லைசென்ஸ் பெற்றவர்தான் நடத்த வேண்டும், அல்லது திருமணப் பதிவாளர் முன் நடக்க வேண்டும். அதிகாரமே இல்லாதவர் நடத்தி வைத்தால் 68வது பிரிவின் கீழ் 10 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. எனவே பிரதரன் சபையானாலும் மற்ற சுதந்திர சபையானாலும், தேதி குறிக்கும் முன் நடத்தி வைப்பவரிடம் லைசென்ஸ் இருக்கிறதா என்று இரு வீட்டாரும் கேட்டுவிடுவது நல்லது. அதோடு, தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம் 2009ன்படி 90 நாட்களுக்குள் பதிவு செய்வதும் கட்டாயம். தவறினால் கூடுதல் கட்டணத்தோடு 150 நாட்கள் வரை அவகாசம் உண்டு.

சாதிச் சான்றிதழ் என்னாகும்?

1950ம் ஆண்டு அரசியலமைப்பு (பட்டியல் சாதிகள்) ஆணைப்படி, இந்து, சீக்கிய, பௌத்த மதத்தவர்களுக்கு மட்டுமே எஸ்சி அந்தஸ்து. கிறிஸ்தவத்துக்கு மாறிய பட்டியல் சாதியினர் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருவார்கள்.

2024 நவம்பர் 26ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ஒரு வழக்கில், புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு பெண் அரசு வேலைக்காக எஸ்சி சான்றிதழ் கேட்டிருந்தார். தான் இந்து மதத்தையே பின்பற்றுவதாகச் சொன்னார். அவருக்குக் குழந்தையில் கொடுக்கப்பட்ட ஞானஸ்நானத்தின் பதிவையும், தொடர்ந்து சர்ச்சுக்குப் போனதையும் கணக்கில் எடுத்து நீதிமன்றம் மறுத்துவிட்டது.

பிரதரன் சபைகள் செல்லாது என்று ஒதுக்கும் அதே குழந்தை ஞானஸ்நானம், கோர்ட்டில் ஆதாரமாக நின்றது.