தாய்லாந்து எல்லையில் ‘விசா ரன்’

சுற்றுப்பயணியாக நுழைந்து தாய்லாந்தில் மாதக்கணக்கில் தங்கும் வெளிநாட்டினர், அனுமதி நாள் முடியும் தறுவாயில் எல்லையைக் கடந்து உடனே திரும்புவதே ‘விசா ரன்’. பாடாங் பெசாரில் இது பழகிய காட்சி. முன்பு சிலர் பினாங்கு வரை வந்து, அங்குள்ள தாய்லாந்துத் தூதரக அலுவலகத்தில் புது விசா எடுத்ததும் உண்டு.

விசா விலக்கில் தரைவழியாக ஆண்டுக்கு இரு முறை மட்டுமே நுழையலாம் என்ற வரம்பு 2016 இறுதியில் வந்தது. மலேசியாவிலிருந்து தரைவழி செல்லும் மலேசியர்களுக்கு அதில் விலக்கு. ஆனாலும் கடப்பிதழில் முத்திரைகள் நிறைந்திருந்தால், கள்ளத்தனமாக வேலை செய்கிறாரோ என்று குடிநுழைவு அதிகாரிக்குச் சந்தேகம் எழும். கையிருப்புப் பணம், திரும்பும் டிக்கெட் எல்லாம் கேட்பார். திருப்பி அனுப்பவும் அவருக்கு அதிகாரமுண்டு.

நாள் கடந்தால் தினம் 500 பாட் அபராதம், உச்சம் 20,000. அதோடு போகாது. 90 நாளுக்கு மேல் தங்கித் தானாக வெளியேறினாலும் ஓராண்டு தடை; பிடிபட்டால் குறைந்தது ஐந்தாண்டு.