மாடு மேற்கே போனது, கிழங்கு கிழக்கே வந்தது

1885 வசந்த காலத்தில், நெதர்லாந்தின் நூனென் கிராமத்தில் வின்சென்ட் வான் கோ ஒரு குடியானவக் குடும்பத்தின் இரவுச் சாப்பாட்டை வரைந்து முடித்தார். மேலே தொங்கும் ஒற்றை விளக்கு. மேசையைச் சுற்றி ஐந்து பேர். நடுவில் ஆவி பறக்கும் ஒரு தட்டு உருளைக்கிழங்கு. ஓரத்தில் ஒரு பெண் காப்பி ஊற்றிக்கொண்டிருக்கிறாள். மண்ணைத் தோண்டிய அதே கைகள்தான் இந்தத் தட்டுக்கும் நீள்கின்றன என்று காட்டவே வரைந்ததாகத் தம்பி தியோவுக்கு எழுதினார். படத்தின் பெயரே ‘உருளைக்கிழங்கு தின்பவர்கள்’. அந்த மேசையில் இறைச்சியைத் தேடினால் கிடைக்காது.

இன்று லண்டனிலோ சிகாகோவிலோ வேலை முடிந்து வீடு திரும்புகிறவர், அரை மணி நேரத்தில் ஒரே சட்டியில் ஸ்டேக் என்ற தடித்த மாட்டிறைச்சித் துண்டும் உருளைக்கிழங்கும் செய்து இறக்கிவிடுகிறார். பெரிய சமையல் என்று அதை யாரும் சொல்லிக்கொள்வதில்லை. நம் வீட்டில் அலுப்பான நாளில் ஒரு ரசமும் அப்பளமும் வைப்பது போலத்தான். அமெரிக்க ஆங்கிலத்தில் ‘இறைச்சியும் உருளைக்கிழங்கும்’ என்றாலே அலங்காரம் இல்லாத அடிப்படை விஷயம் என்று பொருள். ஆனால் பல நூறு ஆண்டுகள் மாட்டிறைச்சி தின்றவர்கள் ஒரு கூட்டம், கிழங்கு தின்றவர்கள் வேறொரு கூட்டம். சாதாரண வீட்டு அடுப்பில் இரண்டும் ஒன்றாக ஏறிய கதைக்கு வயது நூற்றைம்பதைத் தாண்டாது.

இரண்டும் பிறந்த ஊரே வேறு. உருளைக்கிழங்கு ஆண்டிஸ் மலைக்காரர்களின் பயிர். டிடிகாகா ஏரியைச் சுற்றியுள்ள மேட்டு நிலங்களில் சுமார் 7,000, 8,000 ஆண்டுகளுக்கு முன்பே அதைப் பழக்கிவிட்டார்கள். இரவுப் பனியில் உறையவிட்டு, பகலில் காலால் மிதித்து நீரைப் பிழிந்து, வெயிலில் காயவைத்து, ‘சுன்யோ’ என்ற வற்றலாக்கி ஆண்டுக்கணக்கில் சேமித்தார்கள். நம் பாட்டிமார் மொட்டை மாடியில் செய்த வேலைதான். அவர்களுக்குப் பனியும் கூட மாட வந்தது. அவர்களிடம் லாமா உண்டு, அல்பாக்கா உண்டு, மாடு கிடையாது. மாடு 1493இல், கொலம்பஸின் இரண்டாம் பயணத்தில்தான் அட்லாண்டிக்கைத் தாண்டிக் கரீபியத் தீவில் இறங்கியது. 1532இல் ஸ்பானியப் படைத்தலைவர் பிசாரோ இன்கா அரசைக் கவிழ்த்த பிறகு கிழங்கு எதிர்த்திசையில் கிளம்பியது. 1567இல் கேனரித் தீவுகளிலிருந்து ஆன்ட்வெர்ப்புக்குப் போன சரக்கில் அது இருந்தது. 1573இல் செவில் நகரத்து மருத்துவமனைக் கணக்கில் வாங்கிய பொருளாகப் பதிவாகியிருக்கிறது.

வந்த கிழங்கை ஐரோப்பா உடனே வாயில் வைக்கவில்லை. மண்ணுக்கடியில் விளைவது, பைபிளில் பெயர் இல்லாதது, தின்றால் தொழுநோய் வரும் என்று பல பேச்சு. பிரஷ்ய மன்னர் இரண்டாம் ஃபிரெடரிக் 1756இல் கிழங்கு பயிரிடச் சொல்லி ஆணையே போட வேண்டியிருந்தது. அந்தப் பிரஷ்யாவிடம் ஏழாண்டுப் போரில் கைதியாகச் சிக்கிய பிரெஞ்சு மருந்தாளர் அன்டோன் பார்மன்டியே, சிறையில் போட்ட கிழங்கைத் தின்று உயிரோடு திரும்பினார். பிறகு வாழ்நாள் முழுவதும் அதற்காகவே வாதாடினார். 1772இல் பாரிஸ் மருத்துவத் துறையினர் இது உண்ணத் தகுந்ததுதான் என்று ஒப்புக்கொண்டார்கள். பாரிஸின் பேர் லஷேஸ் கல்லறைத் தோட்டத்தில் அவர் சமாதி மீது பார்க்க வருகிறவர்கள் இன்றும் உருளைக்கிழங்கு வைத்துவிட்டுப் போகிறார்கள்.

மாட்டிறைச்சியின் கதை அந்தப் பக்கம் தனியாக ஓடிக்கொண்டிருந்தது. 1735இல் லண்டன் கோவன்ட் கார்டன் நாடகக் கொட்டகையில், அதன் நிர்வாகி ஜான் ரிச் தலைமையில் ஒரு ஸ்டேக் சங்கம் உருவானது. திரைச்சீலை ஓவியர் ஜார்ஜ் லாம்பர்ட் வேலைக்கு நடுவே கணப்பு நெருப்பில் இறைச்சி வாட்டித் தின்ன, வந்தவர்களும் உட்கார்ந்துவிட, அதுவே சங்கமாயிற்று என்பார்கள். ஓவியர் ஹோகார்த் தொடக்க உறுப்பினர்களில் ஒருவர். 24 பேருக்கு மேல் சேர்ப்பதில்லை. சனிக்கிழமைதோறும் கூடி ஸ்டேக்கும் சுட்ட உருளைக்கிழங்கும் தின்பார்கள், கூடவே மது. முழக்கம்: மாட்டிறைச்சியும் சுதந்திரமும்! சின்னம்: இறைச்சி வாட்டும் இரும்புக் கம்பித் தட்டி. 1785இல் இங்கிலாந்தின் பட்டத்து இளவரசரே உறுப்பினராகச் சேர்ந்தார். ஸ்டேக்கும் உருளைக்கிழங்கும் ஒரு தட்டில் கூடியது இப்படிப்பட்ட இடத்தில்தான். இளவரசர் அளவுக்கு வசதி இருந்தால் கிழங்கு தொட்டுக்கொள்ளும் பண்டம். இல்லாதவர்களுக்கு அதுவே சோறு.

அந்த வேறுபாடு எவ்வளவு கொடியது என்பதை அயர்லாந்தில் பார்க்கலாம். 1840களில் ஐரிஷ் கூலித் தொழிலாளி ஒருவர் நாளுக்கு ஐந்து கிலோ வரை கிழங்கு தின்றார். மோர் கிடைத்தால் மோர், அதோடு சரி. 1845இல் வயல்களை இலைக்கருகல் நோய் தாக்கியது. மண்ணுக்குள் இருந்த கிழங்கு கறுத்து அழுகி நாறியது. அடுத்த சில ஆண்டுகளில் ஏறக்குறைய பத்து லட்சம் பேர் மாண்டார்கள். இன்னும் பத்து லட்சம் பேர் கப்பலேறினார்கள். அதே ஆண்டுகளில் அயர்லாந்தின் துறைமுகங்களிலிருந்து உயிர்மாடுகள் இங்கிலாந்துக்கு ஏற்றுமதியாகிக்கொண்டே இருந்தன. ஸ்டேக் தட்டின் இரண்டு பாதிகளும் ஒரே தீவில் விளைந்தன. ஒரு பாதி அழுகிப்போனது, மறு பாதி கப்பலேறிப் போனது.

பிரான்சில் கதை வேறு மாதிரி. அங்கே ஸ்டேக் இங்கிலாந்திலிருந்து வந்த சரக்கு. 1815இல் நெப்போலியன் தோற்றபின் பாரிஸில் வந்து தங்கிய ஆங்கிலேயர்களோடு அது வேரூன்றியது என்று நாவலாசிரியர் அலெக்சாந்தர் துமா தன் சமையல் அகராதியில் நினைவுகூர்கிறார். ஆங்கிலச் சொல்லையே ‘பிஃப்டெக்’ என்று உருட்டிக்கொண்டார்கள். 1957இல் வந்த ‘மித்தாலஜீஸ்’ நூலில் ரோலான் பார்த், ஸ்டேக்கையும் வறுத்த உருளைக்கிழங்கையும் பிரெஞ்சுத்தனத்தின் அடையாளமாகவே எடுத்துப் பேசினார். கிழங்கு பிரஷ்யச் சிறையில் கற்ற பாடம், இறைச்சி ஆங்கிலப் படை விட்டுப்போன பழக்கம். இரண்டு எதிரிகள் கொடுத்ததைக் கூட்டித் தேசிய உணவாக்கிக்கொண்ட சாமர்த்தியத்தைப் பாராட்டத்தான் வேண்டும்.

இனி சட்டிக்கு வருவோம். இரண்டையும் ஒன்றாகப் போடச் சட்டி வேண்டுமே. 18ஆம் நூற்றாண்டுத் தொடக்கம் வரை இங்கிலாந்தில் நல்ல சமையல் பாத்திரம் என்றால் பித்தளை; ஏழைக்கு எட்டாத விலை. பித்தளைத் தொழிலில் இருந்த ஆபிரகாம் டார்பி, நெதர்லாந்துக்குப் போய் மணல் அச்சில் வார்ப்பதைப் பார்த்துவிட்டு வந்து, அதையே மலிவான இரும்பில் செய்ய முயன்றார். 1707இல் இரும்புப் பானையை மணலில் வார்க்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். இரண்டு ஆண்டு கழித்து, செவர்ன் ஆற்றங்கரைப் பக்கம் கோல்புரூக்டேலில், மரக்கரிக்குப் பதிலாக நிலக்கரியைச் சுட்டெடுத்த கல்கரியைப் போட்டு இரும்பு உருக்கினார். தொழிற்புரட்சி பற்றிய பாடப்புத்தகங்கள் இந்த இடத்தில் ரயிலையும் இயந்திரத்தையும் பற்றிப் பேசத் தொடங்கிவிடும். ஆனால் டார்பி விற்றது பானையும் சட்டியும்தான். 1779இல் அந்த ஊர்ப் பக்கத்தில் எழுந்த உலகின் முதல் வார்ப்பிரும்புப் பாலம், பானை வார்த்தவரின் பேரன் வார்த்தது.

சட்டி வந்தும் அடுப்பு இன்னும் தரையில்தான் இருந்தது. திறந்த கணப்பில் தணல் மீது நிற்க, அன்றைய வறுக்கும் சட்டிகளுக்கு மூன்று கால்கள் உண்டு. அமெரிக்கர்கள் அதைச் ‘சிலந்தி’ என்றார்கள். குனிந்து, புகையில் கண் எரிய, நீளக் காம்பைப் பிடித்துச் சமைக்க வேண்டும். நெருப்பை மூடி மேலே பாத்திரம் வைக்கும் அடுப்புகளை 1790களில் முறையாக ஆராய்ந்தவர் ரம்ஃபர்ட் பிரபு. மியூனிக் ஏழைகளுக்காகப் பார்லி, பட்டாணியோடு உருளைக்கிழங்கும் போட்டு மலிவு சூப் காய்ச்சியவரும் அவரே. அதிலும் இறைச்சி இல்லை! 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இரும்பு அடுப்பு வீட்டுக்கு வீடு நுழைந்ததும் சட்டியின் கால்கள் போயின, அடி தட்டையானது.

கடைசியாக விலை இறங்க வேண்டியிருந்தது. அது அமெரிக்காவில் நடந்தது. கொலம்பஸ் இறக்கிவிட்ட மாடுகளின் வழித்தோன்றல்கள் டெக்சஸ் வெளியில் லட்சக்கணக்கில் பெருகிக் கிடந்தன. 1867இல் ஜோசப் மெக்காய் கான்சஸின் அபிலீன் ரயிலடியில் மாட்டுச் சந்தை அமைத்தார். டெக்சஸிலிருந்து மந்தைகளை ஓட்டிக்கொண்டு வந்து சிகாகோவுக்கு ஏற்றினார்கள். சிகாகோவின் யூனியன் ஸ்டாக் யார்ட்ஸ் என்ற கால்நடைச் சந்தை 1865 கிறிஸ்துமஸ் அன்றே திறக்கப்பட்டிருந்தது. உயிர்மாட்டை நியூயார்க் வரை ரயிலில் கொண்டுபோனால் தின்ன உதவாத எலும்புக்கும் தோலுக்கும் சேர்த்துக் கூலி கொடுக்க வேண்டும், வழியில் எடையும் குறையும். குஸ்டாவஸ் ஸ்விஃப்ட் என்ற கசாப்பு வியாபாரி, 1870களின் இறுதியில் பனிக்கட்டி வைத்துக் குளிரூட்டிய ரயில் பெட்டியில் வெட்டிய இறைச்சியை மட்டும் அனுப்பத் தொடங்கினார். உள்ளூர்க் கசாப்புக்காரர்கள் கூச்சல் போட்டார்கள், விலை இறங்கியது. கடலிலும் இதே கதை. 1882இல் ‘டனிடின்’ கப்பல் ஏறக்குறைய 5,000 ஆடுகளின் உறைந்த இறைச்சியோடு நியூசிலாந்திலிருந்து 98 நாளில் லண்டன் சேர்ந்தது. ஆட்டுக்குத் திறந்த வழியில் அர்ஜென்டினாவின் மாட்டிறைச்சியும் வந்தது.

பஞ்சத்துக்குத் தப்பிக் கப்பலேறிய ஐரிஷ்காரரின் பிள்ளைகள் அமெரிக்காவில் மாட்டிறைச்சி தின்றார்கள். கிழங்கையும் விடவில்லை. அமெரிக்காவில் ஏன் சோஷலிசம் வேர்பிடிக்கவில்லை என்று 1906இல் நூல் எழுதிய ஜெர்மானியப் பொருளியலாளர் வெர்னர் சோம்பார்ட், வறுத்த மாட்டிறைச்சியின் மீதும் ஆப்பிள் பணியாரத்தின் மீதும் பழியைப் போட்டார். ஸ்டேக்கும் கிழங்கும் செய்வதற்கென்றே பிறந்தது போன்ற இரும்புச் சட்டிகளை வார்த்தவர் ஜோசப் லாட்ஜ். டென்னசியின் சவுத் பிட்ஸ்பர்க்கில் 1896இல் பட்டறை தொடங்கினார்; 1910இல் அது எரிந்து போனது; சில தெரு தள்ளி மறுபடி கட்டினார். இன்றும் அங்கே வார்க்கிறார்கள்.

வந்தது நிலைத்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனில் 1940 மார்ச்சில் இறைச்சிக்கு ரேஷன் வந்தது. எடைக் கணக்கு இல்லை. ஆளுக்கு வாரம் 1 ஷில்லிங் 10 பென்ஸ் மதிப்புக்கு எது கிடைக்கிறதோ அது. மறு ஆண்டே அது இன்னும் சுருங்கியது. போர்க்காலம் முழுக்க உருளைக்கிழங்குக்கு ரேஷன் கிடையாது. ‘பொட்டேட்டோ பீட்’ என்ற கேலிச்சித்திரப் பாத்திரத்தை வைத்து, தின்னுங்கள் தின்னுங்கள் என்று அரசே விளம்பரம் செய்தது. வான் கோவின் மேசை திரும்பி வந்தது. இறைச்சி ரேஷன் ஒழிந்த நாள் 1954 ஜூலை 4. போர் முடிந்து ஒன்பது ஆண்டு ஆகியிருந்தது.

தமிழ்நாட்டுக்கு இந்தக் கதையில் ஒரு சிறு ஓரம் உண்டு. 1820களில் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன், நீலகிரியில் தன் நாட்டுக் காய்களோடு உருளைக்கிழங்கையும் பயிர்செய்யத் தொடங்கினார். படுகர்கள் அதைத் தங்கள் பயிராக்கிக்கொண்டார்கள். ஊட்டிக் கிழங்கு மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கி, அங்கிருந்து சமவெளியின் பூரி மசாலாவுக்குள் போனது. துரைமார் மேசையில் ஸ்டேக்குக்குத் துணையாக வந்தது, நம் ஊரில் அதைவிட நல்ல துணை தேடிக்கொண்டது.

சமைக்கிறவர் கையை இப்போது கவனிக்கலாம். சட்டியில் முதலில் இறங்குவது கிழங்கு. அரை அங்குலத் துண்டுகளாக நறுக்கி, ஈரம் போகத் துடைத்து, எண்ணெயில் பரப்பிப் பத்துப் பதினைந்து நிமிடம் விட்டால் ஒரு பக்கம் பொன்னிறமாக ஒட்டாமல் எழும்பும். அதை எடுத்து வைத்துவிட்டுத் தீயைக் கூட்ட வேண்டும். தோசைக்கல்லில் தெளிப்பது போல ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் முத்தாக உருண்டோட வேண்டும். உப்புத் தடவிய ஸ்டேக் துண்டு அப்போதுதான் இறங்கும். ‘சுர்’ரென்ற அந்தச் சத்தத்தைக் கேட்டு, ஆகா, சாறு உள்ளே அடைபட்டுவிட்டது என்று மகிழ்கிறவர்கள் இன்றும் உண்டு. ஜெர்மானிய வேதியியலாளர் யூஸ்டஸ் லீபிக் 1847இல் சொல்லிவைத்தது அது, தவறு. அந்தச் சத்தமே சாறு வெளியே வந்து ஆவியாகும் சத்தம்தான். ஹெரால்ட் மெக்கீ 1984இல் எழுதிய சமையல் அறிவியல் நூல் இதை விளக்கி எழுதியும் நம்பிக்கை சாகவில்லை. மேலே படியும் பழுப்புக்கும் மணத்துக்கும் காரணம், பிரெஞ்சு மருத்துவர் லூயி கமீல் மயார் 1912இல் விவரித்த வினை: புரதத்தின் அமினோ அமிலங்களும் சர்க்கரையும் ஏறக்குறைய 140 டிகிரிக்கு மேல் வேகமாகக் கூடுவது. தோசையின் முறுகலும் அதே வினைதான்.

ஸ்டேக்கை இறக்கி ஐந்து நிமிடம் ஆறவிடும் நேரத்தில், சட்டியில் மிஞ்சிய கொழுப்பும் அடியில் ஒட்டிய பழுப்பும் கிழங்குக்குப் போகும். வெண்ணெய் ஒரு துண்டு, நசுக்கிய பூண்டு இரண்டு பல், மறுபடி கிழங்கு. ஒரே சட்டியில் செய்வதன் பயன் இந்தக் கடைசி இரண்டு நிமிடம்தான். பாத்திரம் தேய்ப்பது மிச்சம் என்பதெல்லாம் அதற்குப் பிறகு. சாப்பிட்டு முடித்ததும் சட்டியை ஊறப் போட்டுவிடாதீர்கள். சூடு ஆறும் முன் கழுவி, அடுப்பில் காட்டி ஈரத்தைப் போக்கி, துணியில் தொட்ட எண்ணெயை ஒரு கை தடவி வையுங்கள். மறந்தால் காலையில் துரு.