பாற்கட்டிக்குள் வந்த கடிதம்

1795 சனவரியில் ஒல்லாந்திலே புரட்சி எழுந்தது. இங்கிலாந்திற் புகலடைந்த நாட்டதிபர் ஐந்தாம் வில்லியம், குடியேற்றக் கோட்டைகளில் ஆங்கிலப் படையை ஏற்குமாறு பெப்ரவரி 7ஆந் திகதி கியூவிலிருந்து கடிதம் விடுத்தார். கொழும்பு ஆட்சியாளர் முதலில் ஓரளவு இணங்கிப் பின்னர் மறுத்தனர். போர் மூண்டது.

செப்டெம்பர் 28இல் யாழ்ப்பாணக் கோட்டை எதிர்ப்பின்றிப் பணிந்தது. ஒல்லாந்தர் 'லைடன்' என்றழைத்த, சரவணையை உள்ளடக்கிய தீவும் ஆங்கிலேயர் வசமாயிற்று.

கொழும்பைக் காத்ததோ டி மியூரோனின் சுவிசுக் கூலிப்படை. அதன் உரிமையாளரான தமையனைக் கிளெக்ஹோர்ன் என்னும் ஆங்கிலத் தூதர் தம்பக்கம் சேர்த்துக்கொண்டார். அச்செய்தி தாங்கிய கடிதம், பாற்கட்டிக்குள் மறைக்கப்பட்டுத் தளபதியான தம்பியைச் சேர்ந்ததென்பர். படை விலகியது, 1796 பெப்ரவரியில் கொழும்பும் வீழ்ந்தது. மதிலின் வலிமை, காப்போரின் பற்றுறுதியளவே.