பத்திரிசியாரின் ஆங்கிலமும் தனிநாயகத்தின் தமிழும்

கல்லூரி மலர் ஒன்றைக் கையில் எடுத்தால் முதல் இருபது பக்கங்களை வாழ்த்துச் செய்திகள் பிடித்துக்கொள்ளும். பிறகு குழுப்படங்கள்: நிற்பவர்கள், இருப்பவர்கள், இடமிருந்து வலம். அதையும் தாண்டினால் 'எம் கல்லூரி ஈன்ற பெருமக்கள்' பட்டியல் வரும். யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியைப் பற்றி எவர் எழுதினாலும் அந்தப் பட்டியலின் தலையில் தனிநாயகம் அடிகள் நிற்பார். நிற்க வேண்டியவர்தான். ஆனால் தமிழாராய்ச்சியை உலக அரங்குக்குக் கொண்டுபோன அந்த மனிதர் தமிழை ஆழமாகக் கற்றது இந்தக் கல்லூரியில் அல்ல. உரோமாபுரியில் படித்துக் குருப்பட்டம் பெற்று, தூத்துக்குடி மறைமாவட்டத்துக்குப் போய், வடக்கன்குளத்துப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியராக இருந்த காலத்தில்தான், வயது முப்பதை எட்டும் வேளையில், பண்டிதர் ஒருவரிடம் முறையாகப் பாடங்கேட்டார். அதன் பிறகு அண்ணாமலைப் பல்கலைக்கழகம்.

அப்படியானால் பத்திரிசியார் அவருக்கு என்னதான் கொடுத்தது? பாராட்டுரைகள் இந்தக் கேள்வியைத் தொடுவதில்லை. விடை தேட 1850க்குப் போக வேண்டியிருக்கிறது.

அந்த நாளைய யாழ்ப்பாணத்தைக் கற்பனை செய்து பாருங்கள். பட்டினத்தில் வெஸ்லியன் மிசனரிமாரின் பள்ளிக்கூடம். வட்டுக்கோட்டையில் 1823 முதல் அமெரிக்க மிசனின் செமினரி. நல்லூரிலும் சுண்டிக்குளியிலும் ஆங்கிலிக்கத் திருச்சபையார். மிசன் பள்ளிக்கூடத்தில் படித்து, பேர்சிவல் பாதிரியாருக்கு விவிலியத் தமிழாக்கத்தில் துணையிருந்த ஆறுமுக நாவலர் வெளியே வந்து, 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிவிட்டார். கிறிஸ்தவருள் தொகையில் மிகுந்தவர்கள் கத்தோலிக்கர். ஆனால் கல்விப் போட்டியில் கடைசியாக வந்து சேர்ந்தவர்களும் அவர்களே.

காரணம் இல்லாமல் இல்லை. ஒல்லாந்தர் காலத்தில் கத்தோலிக்க வழிபாடே குற்றம். 1687இல் யாழ்ப்பாணத்தில் வந்திறங்கிய யோசே வாஸ் முனிவர் பிச்சைக்காரர் கோலத்தில் திரிந்து, சில்லாலையில் மறைந்திருந்து பூசை செய்தவர். கத்தோலிக்கருக்கு எதிரான சட்டங்களை ஆங்கிலேயர் நீக்கியது 1806இல்தான். ஒன்றரை நூற்றாண்டு ஒளித்து வாழ்ந்த சமூகத்திடம் கோயில் இருந்தது, பக்தி இருந்தது, பள்ளிக்கூடம் இருக்கவில்லை. பிள்ளை ஆங்கிலம் படிக்க வேண்டுமென்றால் புரட்டஸ்தாந்துக்காரரின் வாசலுக்குப் போக வேண்டும். போனால் பிள்ளை எந்தக் கோயிலுக்குத் திரும்பி வருவான் என்பது நிச்சயமில்லை.

இந்தப் பயத்தில் பிறந்ததுதான் கல்லூரி. ஆயர் ஒராத்சியோ பெத்தக்கினி 1850இல் ஆண்பிள்ளைகளுக்கான கத்தோலிக்க ஆங்கிலப் பாடசாலையைத் தொடங்கினார். பத்திரிக் ஃபோய் என்ற அயர்லாந்துக்காரர், குருவல்லாத பொதுநிலையினர், முதல் தலைமையாசிரியர் ஆனார். 1881இல் பாடசாலைக்குப் புனித பத்திரிசியார் கல்லூரி என்று பெயர் மாறியது. புனிதரின் பெயர் அயர்லாந்தின் பாதுகாவலருடையது. முதல் தலைமையாசிரியருக்கும் அதே பெயர் இருந்தது ஒரு சுவையான பொருத்தம்.

ஏன் அயர்லாந்து? பக்தி மட்டும் காரணமில்லை, கணக்கும் இருக்கிறது. பெத்தக்கினி இத்தாலியர். 1847இல் இலங்கைக்கு வந்து, பிறகு யாழ்ப்பாண மறைமாவட்டத்தையே தோளில் தாங்கிய அமலமரித் தியாகிகள் சபை பிரான்சில் தோன்றியது. இவர்களுக்கு ஆங்கிலம் இரவல் மொழி. ஆங்கிலம் வாயில் சரளமாக வர வேண்டும், பிரித்தானிய அரசின் குடியாக இருக்க வேண்டும், கத்தோலிக்கராகவும் இருக்க வேண்டும் என்றால் ஆள் தேட ஒரே நாடுதான் உண்டு. பேரரசின் மற்ற மூலைகளிலும் கத்தோலிக்கப் பள்ளிக்கூடங்கள் இப்படித்தான் அயர்லாந்தவர் கையில் வளர்ந்தன.

இதில் ஒரு விசித்திரம் ஒளிந்திருக்கிறது. 1850 என்பது அயர்லாந்தில் பெரும் பஞ்சம் அப்போதுதான் ஓய்ந்த காலம். உருளைக்கிழங்கு அழுகியதால் செத்தவர்களிலும் கப்பலேறியவர்களிலும் அயரிஷ் பேசிய ஏழைக் குடியானவர்கள் ஏராளம். அந்த நாட்டின் தேசியப் பாடசாலைகளும் 1831 முதல் ஆங்கிலத்திலேயே கற்பித்துவந்தன. ஆக, தன் மொழி கண்முன்னே தேய்ந்துகொண்டிருந்த ஓர் இனம், இன்னோர் இனத்துப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க யாழ்ப்பாணக் கரைக்கு வந்தது. யாழ்ப்பாணத்தில் தமிழ் தேயவில்லை என்பதற்கு நாவலரும் அவர் வழிவந்தவர்களும் காரணம். பத்திரிசியாருக்கு அந்தப் பங்கில் பெரிதாக இடமில்லை.

ஆங்கிலத்துக்கு வேறொரு தூண்டுதலும் சேர்ந்தது. 1869இல் பொதுக் கல்வித் திணைக்களம் ஏற்பட்டு, சமயப் பாடசாலைகளுக்கும் அரசாங்க நன்கொடை கிடைக்க வழி பிறந்தது. இதற்காக ஓயாமல் எழுதியும் வாதாடியும் வந்தவர்களில் முக்கியமானவர் பொஞ்சீன் அடிகள். 1868இல் யாழ்ப்பாண ஆயரானவர், பின்னாளில் கொழும்பின் முதற்பேராயர். பிள்ளை எந்தச் சமயமோ அந்தச் சமயத்தின் பாடசாலையில் படிக்கவேண்டும், அரசு பொதுப் பாடங்களுக்குப் பணம் தரட்டும் என்பது அவர் கட்சி. நன்கொடையோ பரிசோதகர் வந்து பிள்ளைகளைச் சோதித்துச் சித்தியடைந்தவரை எண்ணிக் கொடுக்கப்பட்டது. சோதனையில் தேறும் பாடத்துக்குக் காசு. தேறியவனுக்கு எழுதுவினைஞர் உத்தியோகம்; அதையும் தாண்டினால் மலாயா. புகையிரதத்திலும் கச்சேரியிலும் வேலை பார்த்து ஓய்வூதியத்தோடு திரும்பி வந்து வீடு கட்டிய 'மலாயன் பென்சனியர்' யாழ்ப்பாணத்துக் கிராமங்களில் இன்றும் பேச்சில் வாழ்கிறார். அவர் கையில் இருந்த ஒரே மூலதனம் இந்தக் கல்லூரிகள் கொடுத்த ஆங்கிலம்.

இந்தப் பின்னணியில்தான் ஊர்காவற்றுறைப் பக்கத்துக் கரம்பொனில் 1913இல் பிறந்த பையன் பத்திரிசியாருக்கு வந்து சேர்கிறான். அவனுக்கு வாய்த்தது நல்ல ஆங்கில உரைநடை. அதன் பின் கொழும்புக் குருமடத்திலும் உரோமையிலும் இலத்தீனும் ஐரோப்பிய மொழிகளும். பிறகு தமிழ் வந்தபோது, தமிழ் மட்டுமே படித்த பண்டிதர் காணாத கோணத்தில் அவர் அதைக் கண்டார். சங்க இலக்கியத்தின் இயற்கையை மற்ற செவ்வியல் இலக்கியங்களின் இயற்கையோடு ஒப்பிட்டுப் பார்த்தார். 1952இல் அவர் தொடங்கிய 'தமிழ்க் கல்ச்சர்' ஏடு ஆங்கிலத்தில் வந்தது என்பதை மறந்துவிடுகிறோம். அது தமிழில் வந்திருந்தால் தமிழருக்கு நல்ல ஏடாக இருந்திருக்கும். ஆங்கிலத்தில் வந்ததால் ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் வடமொழியோடு நின்றிருந்த அறிஞர்கள் தமிழ்ப் பக்கம் தலையைத் திருப்பினார்கள். 1964இல் புதுடில்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் உருவானதும், 1966இல் கோலாலம்பூரில் முதல் மாநாடு கூடியதும் அந்தத் தொடர்பின் விளைவு. மலாயாப் பல்கலைக்கழகத்தில் அப்போது அவர் பேராசிரியர். எழுதுவினைஞராகப் போன முந்தைய தலைமுறையின் அதே மலாயா.

அந்தோனியோ த புரொயென்சாவின் தமிழ் – போர்த்துக்கேய அகராதி 1679இல் அச்சானது. வத்திக்கான் நூலகத்தில் கிடந்த அதைக் கண்டெடுத்து 1966இல் மறுபதிப்பாக்கியவரும் இவரே. இத்தகைய தேட்டத்துக்குத் தமிழ்ப்பற்று மட்டும் போதாது. ஐரோப்பிய மொழி தெரிந்த, நூலகப் பட்டியலைப் புரட்டத் தெரிந்த, கத்தோலிக்க உலகின் கதவுகளைத் தட்டத் தெரிந்த ஒருவர் வேண்டும். அந்தப் பயிற்சியின் முதற்படி பத்திரிசியார்தான். தமிழைக் கொடுக்காவிட்டாலும் தமிழை வெளியுலகுக்கு எடுத்துச்செல்லும் வாகனத்தைக் கல்லூரி கொடுத்தது என்று சொன்னால் மிகையில்லை. மலர்களில் நாம் எழுதிவரும் புகழுரையைவிட இது பெரிய பெருமை என்பது என் எண்ணம்.

நூலக விடயத்தில் கல்லூரிக்கு இன்னொரு நேரடிப் பங்கு உண்டு. க. மு. செல்லப்பா 1930களில் தம் வீட்டுப் புத்தகங்களோடு தொடங்கிய சிறு வாசிகசாலையே யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் வித்து. அதைப் பெரிய கட்டடமாக்கும் கனவுக்கு உருக்கொடுத்தவர்களில் கல்லூரி அதிபர் லோங் அடிகள் முன்னின்றார். அவரும் அயர்லாந்துக்காரரே. நூலகவியலுக்கு எஸ். ஆர். ரங்கநாதன், கட்டடத்துக்குச் சென்னையிலிருந்து நரசிம்மன் என்று ஆள் தேர்ந்தார்கள். 1954 மார்ச் 29இல் அடிக்கல். 1959 ஒக்டோபரில் திறப்புவிழா. ஒரு கத்தோலிக்கக் குரு பாடுபட்ட கட்டடம் திராவிடச் சிற்பமுறையில் எழுந்து, முற்றத்தில் கலைமகளை இருத்திக்கொண்டது. யாழ்ப்பாணத்துச் சமயப் போட்டியைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்தக் காட்சியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

1981 மே 31 இரவு தொடங்கி அந்த நூலகம் எரிந்தது. சுமார் 97,000 நூல்கள். பன்மொழிப் புலவரான தாவீது அடிகள் கல்லூரி மாடியிலிருந்து அந்தத் தீயைப் பார்த்து அதிர்ச்சியில் உயிர்விட்டார் என்பதை யாழ்ப்பாணத்தில் சொல்லாத வீடு இல்லை. சொற்பிறப்பு அகராதிக்காக ஆயுளைச் செலவிட்டவர் அவர்.

விளையாட்டுக்கு வருவோம், பழைய மாணவர் பலர் மலரைத் திறப்பதே அந்தப் பக்கத்துக்காகத்தான். வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியோடு 1917 முதல் நடந்துவரும் துடுப்பாட்டப் போட்டிக்குப் 'பொன் அணிகளின் போர்' என்று பெயர். ஒன்று அமெரிக்கர் தொடங்கியது, மற்றது அயர்லாந்தவர் வளர்த்தது. துடுப்பாட்டத்தில் பெரிதாக நாட்டமில்லாத இரண்டு இனங்களின் கல்லூரிகள் ஆங்கிலேயரின் ஆட்டத்தில் ஒன்றையொன்று வெல்லத் துடிப்பது யாழ்ப்பாணத்தில் மட்டுமே நடக்கக்கூடியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் துண்டுப்பிரசுரங்களில் நடந்த கத்தோலிக்க – புரட்டஸ்தாந்துச் சண்டை, பாய் விரித்த ஆடுகளத்துக்கு இறங்கிவந்து, மாலையில் கைகுலுக்கலோடு முடிகிறது. குருநகர், பாசையூர்க் கரைகள் கல்லூரிக்குப் பக்கத்தில் இருப்பதால் உதைபந்தாட்டம் இங்கே பயிற்றுவித்து வந்ததல்ல, கடற்கரை மணலிலேயே பிள்ளையின் காலில் ஏறிவிடும்.

1960 இறுதியில் உதவி பெறும் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றபோது பத்திரிசியார் கட்டணம் வாங்காத தனியார் பாடசாலையாக நிற்க முடிவுசெய்தது. இதன் பொருளை இன்றைய பிள்ளைகளுக்குச் சற்று விளக்க வேண்டும்: அரசின் பணமும் இல்லை, பெற்றோரிடம் கட்டணம் கேட்கவும் முடியாது. மறைமாவட்டமும் பழைய மாணவரும் கையைக் கடித்துக்கொண்டு நடத்திய ஆண்டுகள் அவை. சமய அடையாளத்தைக் காப்பதற்காக 1850இல் பிறந்த நிறுவனம் அதே காரணத்துக்காக ஏழ்மையையும் ஏற்றுக்கொண்டது. அந்த ஆண்டுகளில் குறைந்த சம்பளத்துக்குப் படிப்பித்த ஆசிரியர்களின் பெயர்கள் அதிபர்களின் பெயர்களைப் போலக் கல்வெட்டில் ஏறியதில்லை, ஏறியிருக்க வேண்டும்.

1995 ஒக்டோபர் இறுதியில் போரினால் வலிகாமமே இரவோடிரவாகப் பெயர்ந்து தென்மராட்சிக்கு நடந்தபோது கல்லூரியும் ஊரோடு வெறுமையானது. அடுத்த ஆண்டு மக்கள் திரும்பத் தொடங்க, வகுப்புகளும் திரும்பின. கல்லூரியின் அதிபராக இருந்த பிரான்சிஸ் யோசப் அடிகள் வன்னி மக்களோடே இறுதிவரை தங்கிவிட்டார். 2009 மே 18 அன்று முல்லைத்தீவில் சரணடைந்தவர்களோடு படையினரிடம் சென்றவர் காணாமலாக்கப்பட்டார். அதற்குச் சில நாள் முன்னர் போர்முனையிலிருந்து பாப்பரசருக்கு அவர் எழுதிய கடிதம் ஆங்கிலத்தில் இருந்தது. உலகத்துக்குக் கேட்க வேண்டிய ஒன்றைச் சொல்ல, பத்திரிசியார் நூற்றாண்டுக்கும் மேலாகக் கற்பித்த கருவியையே அவரும் எடுத்தார். அவரிடம் ஆங்கிலம் படித்தவர்கள் இன்று பல நாடுகளில் இருக்கிறார்கள். அவரைப் பற்றிய கேள்விக்கு மட்டும் இன்னும் எவரும் பதில் சொல்லவில்லை.

கல்வி மொழியோ இதற்கிடையில் தலைகீழாகிவிட்டது. 1940களின் நடுவில் ஆரம்ப வகுப்புகளில் தொடங்கிய தாய்மொழி மூலக் கல்வி படிப்படியாக மேல் வகுப்புகளுக்கும் ஏறி, ஆங்கிலப் பாடசாலையாகப் பிறந்த பத்திரிசியாரைத் தமிழ்ப் பாடசாலையாக்கியது. ஆங்கிலம் ஒரு பாடமாகச் சுருங்கியது. 2001க்குப் பிறகு நாட்டில் இருமொழிக் கல்வி மீண்டும் வந்ததும் யாழ்ப்பாணத்துப் பெற்றோர் பிள்ளையை ஆங்கில மூல வகுப்பில் சேர்க்க அதிபர்களின் அறை வாசலில் நிற்கிறார்கள். உத்தியோகம், வெளிநாடு என்று அவர்கள் சொல்லும் காரணங்கள் மலாயன் பென்சனியரின் தகப்பனார் சொன்ன காரணங்களேதான்.