வெஸ்ட் பாயின்ட்: கள்ளக் கொண்டாட்டத்திலிருந்து கட்டாய ஆட்டம் வரை

அமெரிக்காவின் ஹட்சன் ஆற்றங்கரையில் 1802-இல் தொடங்கிய வெஸ்ட் பாயின்ட் இராணுவக் கல்லூரிக்கு ஓர் ஒழுங்கைக் கொண்டுவந்தவர் அதன் தலைவர் சில்வேனஸ் தேயர். 1817 முதல் 1833 வரை அவர் வைத்ததுதான் அங்கே சட்டம். சீட்டாட்டம் கூடாது, புகையிலை கூடாது, மது கூடாது, நாவல் கூடாது. நான்கு ஆண்டுப் படிப்பில் ஊருக்குப் போக ஒரே ஒரு விடுமுறை. அதுவும் இரண்டாம் ஆண்டு முடிந்த பிறகுதான். நல்ல பொறியாளர்கள் உருவானார்கள், மறுப்பதற்கில்லை. பதினெட்டு வயதுப் பையன்கள் மாலைப் பொழுதை எப்படிக் கழிப்பார்கள் என்பதை மட்டும் யாரும் யோசிக்கவில்லை.

அதை யோசித்தவர் பென்னி ஹேவன்ஸ் என்ற மதுக்கடைக்காரர். பழுக்கக் காய்ச்சிய இரும்புக் கம்பியைக் கோப்பைக்குள் விட்டுச் சூடாக்கித் தரும் பானம் அவருடைய தனிச்சிறப்பு. மாணவர்களின் கையில் ரொக்கம் புழங்கக் கூடாது என்பது விதி. அதனால் கம்பளியைக் கொடுத்துக் குடித்தார்கள். எழுத்தாளர் எட்கர் ஆலன் போவும் அங்கே போய்வந்தவர்தான். பின்னாளில் அமெரிக்காவிலிருந்து பிரிந்த தென் மாநிலக் கூட்டமைப்பின் அதிபரான ஜெஃபர்சன் டேவிஸ், 1825-இல் அங்கே பிடிபட்டு இராணுவ விசாரணையைச் சந்தித்தார், மன்னிப்புக் கிடைத்தது. மறு ஆண்டே அங்கிருந்து தப்பி ஓடும்போது பள்ளத்தில் விழுந்து பிழைத்தார்.

அந்த 1826 கிறிஸ்துமஸ்தான் உச்சம். முட்டை, பால், சர்க்கரையோடு மதுவைக் கலக்கும் எக்நாக் பானத்துக்காகச் சிலர் படகில் ஆற்றைக் கடந்து விஸ்கி வாங்கி வந்தார்கள். நள்ளிரவுக்குப் பிறகு வடக்கு விடுதியில் கும்மாளம். கல்லூரி அதிகாரியான கேப்டன் ஹிட்ச்காக் ஓர் அறைக்குள் நுழைந்து அதட்டிக்கொண்டிருந்தார். அது தெரியாமல் அதே அறைக்குள் பாய்ந்துவந்த டேவிஸ், ஹிட்ச்காக் வருகிறார், சரக்கை ஒளித்துவையுங்கள் என்று கத்தினார்! உடனே அவரை அறைக்கு அனுப்பிவிட்டார்கள், போனவர் தூங்கிவிட்டார். அந்தத் தூக்கம்தான் அவரைக் காப்பாற்றியது. மற்றவர்கள் ஜன்னல்களையும் மாடிப்படிக் கைப்பிடிகளையும் நொறுக்கினார்கள். பிறகு விசாரணை நடந்தது, 19 மாணவர்கள் இராணுவ நீதிமன்றத்தில் நின்றார்கள்.

தடைகள் இறுகியபோது கேளிக்கை ஒளிந்துகொண்டதே தவிர ஒழியவில்லை. இன்னொரு கேளிக்கையும் வேர்விட்டது: புதிதாகச் சேர்ந்தவனை மூத்தவர்கள் வதைப்பது. நம் ஊர்க் கல்லூரிகள் ராகிங் என்று அறிந்திருக்கும் அதே கொடுமை. 1899-இல் சேர்ந்த டக்ளஸ் மேக்ஆர்தர் அதை உடம்பால் அனுபவித்தவர். 1901-இல் நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சியும் சொன்னார்.

இதற்கிடையே, டென்னிஸ் மைக்கி என்ற மாணவர் கடற்படைக் கல்லூரியோடு கால்பந்து ஆட ஏற்பாடு செய்தார். அமெரிக்கர்கள் கையிலும் பிடித்து ஓடுகிற கால்பந்து. 1890 நவம்பர் 29-இல் கல்லூரித் திடலில் நடந்த முதல் ஆட்டத்தில் 24-0 என்று கடற்படை வென்றது. தோற்றாலும் மொத்தக் கல்லூரியும் ஒன்றாகக் கத்தி ஆரவாரிக்க ஒரு காரணம் கிடைத்தது. மைக்கி 1898-இல் கியூபா போரில் இறந்தார். இன்றைய மைதானம் அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது.

ஆனால் களத்தில் ஆடியவர்கள் சிலர். மற்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். அந்த நிலையை மாற்றியது 1919-இல் தலைவராகத் திரும்பிவந்த மேக்ஆர்தர். முதல் உலகப் போரின் களத்தைப் பார்த்துவிட்டு வந்தவர் அவர். ஒவ்வொரு மாணவரும் விளையாட வேண்டும் என்று உள்போட்டிகளைக் கட்டாயமாக்கினார். மாதம் 5 டாலர் கைச்செலவுக்குக் கொடுத்தார், வார இறுதியில் வெளியே போய்வர அனுமதித்தார், புதியவர்களை வதைப்பதற்குக் கடிவாளம் போட்டார். நடன விருந்துகளோடு நடந்துவந்த சொகுசான கோடை முகாமையோ ரத்து செய்தார். தளர்த்த வேண்டியது எது, இறுக்க வேண்டியது எது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

பழைய மாணவர்கள் கொதித்தார்கள். 1922-இல் அவர் இடத்துக்கு வந்த ஃபிரெட் ஸ்லேடன் கோடை முகாமைத் திரும்பக் கொண்டுவந்தார். சலுகைகள் சிலவற்றையும் பிடுங்கினார். கட்டாய விளையாட்டு மட்டும் தப்பியது. இன்றும் வெஸ்ட் பாயின்டில் ஏதாவது ஓர் ஆட்டத்தில் இறங்காமல் யாரும் பட்டம் வாங்க முடியாது.